மதுரை வெயிலும் என் எலும்புகளும்

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்குச் சில நாட்கள் இருந்தன. பள்ளி வழிபாட்டுக் கூடத்தின் சிமெண்டுத் தரையில் எல்லோரும் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தோம். மணி அடித்ததும் எல்லோரும் எழுந்தார்கள். என்னால் எழ முடியவில்லை.

இரண்டு கைகளையும் தரையில் ஊன்றிப் பார்த்தேன். தொடைகளில் பலமே இல்லை. பக்கத்தில் இருந்த என் தோழி ஜெயந்தி கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். "எம்புட்டு கனம்டி நீ" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அப்போது என் எடை எண்பத்து நாலு கிலோ. வயது பதினைந்து. நான் எழ முடியாமல் போனதற்கு எடையைத் தவிர வேறு காரணம் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

இதை எழுதும்போது என் வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பருமனாக இருக்கும் ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் "வலிக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். அல்லது அப்படிச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன பிள்ளை நீங்களாகவே இருக்கலாம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் வீடு மதுரையில் கோச்சடையில் இருந்தது. மூன்று பக்கமும் வேறு வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் கீழ்த்தளம். வாசல் கதவைத் திறந்தால்தான் வெளிச்சம். அம்மா கிரைண்டரில் இட்லி மாவு ஆட்டித் தெருவுக்கு விற்றுக்கொண்டிருந்தாள். அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். டி. கல்லுப்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். நாள் முழுக்க வெயிலில் கம்பம் ஏறி இறங்குவார். அவர் உடம்பில் ஒரு பிடி சதை அதிகமாக இருந்து நான் பார்த்ததில்லை.

அவருக்குப் பிறந்த நான் ஏழாம் வகுப்பிலிருந்து பருக்க ஆரம்பித்தேன். அம்மாவுக்கு அதுவே பெரிய கவலை. அந்தக் கவலையோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது.

"வெயில்ல நிக்காதடி. உடம்பும் பெருத்து, நெறமும் போயிருச்சுன்னா உன்னைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

இதைக் கொடுமைக்காக அவள் சொல்லவில்லை. பயத்தில் சொன்னாள். நானும் கேட்டு நடந்தேன். வாசலுக்கே பள்ளி வேன் வரும். துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு ஏறுவேன். மாலையில் அதே வேன், பிறகு டியூஷன், பிறகு தொலைக்காட்சி. விளையாட்டுப் பாட வேளையில், பருமன் என்று கேலி செய்வார்களே என்ற கூச்சத்தில், வகுப்பிலேயே உட்கார்ந்துகொள்வேன். வெயிலுக்குப் பேர்போன இந்த ஊரில் வெயில் படாமல் நாலு வருடம் வளர்ந்தேன்.

பத்தாம் வகுப்பு வருடம்தான் என் கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பட்டை படர்ந்தது. தொட்டால் வெல்வெட் துணி போல இருக்கும். அம்மா அதை அழுக்கு என்றே நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் கடலை மாவும் எலுமிச்சம்பழமும் பூசி, பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பாள்.

"குளிக்கிறியா, தண்ணிய மட்டும் ஊத்திட்டு வாரியா? இம்புட்டு அழுக்கு எப்படிடி சேரும்?"

ஒரு ஞாயிறு ரத்தம் கசிந்தது. அப்போதும் கறுப்பு போகவில்லை. எலுமிச்சை பட்டு எரிந்த எரிச்சலைவிட, நான் சுத்தமில்லாதவள் என்று நானே நம்பத் தொடங்கியதுதான் அதிக நாள் நின்றது.

எழ முடியாமல் போன சம்பவத்துக்குப் பிறகு கால் வலி தொடங்கியது. முட்டிக்குக் கீழே, முன்புற எலும்பில், பல் வலி போல விடாமல் ஒரு வலி. மாடிப்படி ஏறக் கைப்பிடி வேண்டியிருந்தது. அப்பா தெருமுனையில் இருந்த மருத்துவரிடம் கூட்டிப் போனார். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. எடை பார்க்கும் எந்திரத்தில் என்னை ஏற்றினார். எண்ணைப் பார்த்தார்.

"இந்த வயசுல இந்த எடைன்னா கால் வலிக்கத்தானே செய்யும்? பத்து கிலோ குறைச்சுட்டு வாம்மா, வலி தானா போயிரும்."

என் காலை அவர் தொட்டுப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் எங்களுக்கு அது குறையாகவும் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து வீட்டில் சட்டம் மாறியது. கொழுப்பு என்று பாலை நிறுத்தினார்கள். முட்டையில் வெள்ளைக்கரு மட்டும். மீன் குழம்பு கிடையாது. கொள்ளு ரசமும் இரண்டு சப்பாத்தியும். காலை ஐந்து மணிக்கு, சூரியன் வருமுன்பே, அப்பா என்னை வைகைக் கரைச் சாலையில் நடக்கக் கூட்டிப் போவார். அவர் முன்னால் வேகமாக நடப்பார். நான் பின்னால்.

"அப்பா, எலும்பு வலிக்குதுப்பா."

"எலும்பு வலிக்காது பாப்பா. சதைதான் வலிக்கும். பழகப் பழகச் சரியாயிரும், வா."

"நெசமாத்தான் சொல்றேன்."

"நானும் கம்பத்துல ஏறப் பழகினப்ப இப்படித்தான் இருந்துச்சு. நட."

ஒருநாள் பாதி வழியில் ஒரு மைல்கல்லில் உட்கார்ந்து அழுதேன். அப்பா திரும்பி வந்து நின்றார். கோபப்படவில்லை. "நடிக்காத பாப்பா" என்று மெதுவாகச் சொன்னார். அந்தச் சொல்லுக்குப் பிறகு வலிக்கிறது என்று அவரிடம் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

ஐந்து மாதத்தில் மூன்று கிலோ குறைந்தது. அப்பாவுக்குச் சந்தோஷம். ஆனால் என் நடை மாறிவிட்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும். பள்ளியில் எனக்கு வாத்து என்று பெயர் வைத்தார்கள். அரசுத் தேர்வை எழுதி முடித்தேன். மதிப்பெண் நன்றாகவே வந்தது.

பதினோராம் வகுப்பு தொடங்கிய இரண்டாவது வாரம். மாலையில் வேன் எங்கள் வாசலில் நின்றது. படியிலிருந்து இடது காலைத் தரையில் வைத்தேன். இடுப்பும் தொடையும் சேரும் இடத்தில் சுள்ளென்று ஏதோ விட்டுப்போனது. நான் விழவில்லை. அப்படியே நின்றேன்.

"என்னம்மா, எதையாச்சும் வண்டில மறந்துட்டியா?" என்றார் ஓட்டுநர்.

"இல்லண்ணே. கால எடுக்க முடியல."

ஒரு நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் என்னை உள்ளே தூக்கிப் போனார்கள். அரை மணி நேரத்தில் அப்பா வந்தார். வேலைச் சட்டையோடு, கையில் கரியோடு அப்படியே ஆட்டோ பிடித்து ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்.

எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் மெல்லிய கோடு ஒன்று ஓடியது.

"விழுந்தியா?"

"இல்ல சார்."

"எங்கயாச்சும் இடிச்சுக்கிட்டியா?"

"இல்ல. வேன்ல இருந்து எறங்குனேன், அவ்வளவுதான்."

அவர் என் முழங்காலுக்குக் கீழே எலும்பைக் கட்டைவிரலால் அழுத்தினார். கத்திவிட்டேன். மற்றக் காலிலும் அழுத்தினார். பிறகு நெஞ்சு எலும்பில் லேசாக ஒரு விரல் வைத்தார். அங்கும் வலித்தது. அங்கே வலி இருப்பது அதுவரை எனக்கே தெரியாது.

"எத்தனை நாளா இருக்கு?"

"ஆறு மாசத்துக்கு மேல."

"இம்புட்டு நாளா வீட்டுல யார்கிட்டயும் சொல்லலையா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி. (உடம்பில் எங்கோ அழற்சி இருப்பதைக் காட்டும் புரதம்) கூடுதலாக இருந்தது. அழற்சி என்றால், காயத்தையோ கிருமியையோ எதிர்த்து உடம்பு காட்டும் சூடும் வீக்கமும் என்று விளக்கினார்கள். எனக்குக் காயமும் இல்லை, காய்ச்சலும் இல்லை. எலும்பில் காசநோய் இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம், எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம் என்றார் மருத்துவர். இன்னொரு பரிசோதனைக்கு இரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆகும்.

கட்டி என்ற சொல்லை அப்பாவால் தாங்க முடியவில்லை. அவருடைய அக்கா புற்றுநோயில் இறந்தவர். அந்த வாரம் முழுதும் விடுப்பெடுத்து என் கட்டிலருகே இருந்தார். என்னைப் புரட்டிப் படுக்க வைக்க மூன்று செவிலியர்கள் வேண்டும். ஒருமுறை அவர்களில் ஒருவர், "கொஞ்சம் எடையக் குறைச்சிருக்கலாம்லம்மா" என்றார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

முடிவு வந்த அன்று, எலும்பு மருத்துவர் தன்னோடு ஒரு பெண் மருத்துவரைக் கூட்டி வந்தார். நாளமில்லாச் சுரப்பிகளுக்கான (உடம்புக்குள் ஹார்மோன்களைச் சுரப்பவை) சிறப்பு மருத்துவர். ஐம்பது வயது இருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"ஒரு நாளைக்கு உன் தோல்ல வெயில் எம்புட்டு நேரம் படும்?"

யோசித்தேன். வாசலிலிருந்து வேன் வரை. வேனிலிருந்து வகுப்பு வரை. அதுவும் துப்பட்டாவுக்குள். "ரெண்டு நிமிஷம் இருக்கும் டாக்டர்."

அவர் தலையசைத்தார். கட்டி இல்லை, காசநோயும் இல்லை என்றார். ஆஸ்டியோமலேசியா (எலும்பு இறுகாமல் மெத்தென்று போய்விடும் நோய்). வைட்டமின் டி மிகவும் குறைந்ததால் வந்தது. இருபதுக்கு மேல் இருக்க வேண்டிய அளவு, எனக்கு ஐந்தை ஒட்டி இருந்தது. வைட்டமின் டி இல்லாவிட்டால் நாம் சாப்பிடும் சுண்ணாம்புச் சத்தை உடம்பால் சரியாக எடுத்துக்கொள்ள முடியாது. வெறும் உடம்பு எடையைத் தாங்கித் தாங்கியே அந்த எலும்பு விரிசல் விட்டிருக்கிறது.

"அப்ப எடைனால இல்லையா டாக்டர்?" என்றாள் அம்மா.

"எடைக்கும் இதுல பங்கு இருக்கும்மா. ஆனா நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. உடம்பில் கொழுப்பு அதிகமானால், கிடைக்கிற கொஞ்சமும் அதற்குள் போய் அடைந்துகொள்கிறது. இரத்தத்துக்கு வருவது குறைந்துவிடுகிறது. கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டையும் அல்ல. அது இரசாயனங்களைச் சுரந்து உடம்பு முழுவதும் லேசான அழற்சியை நீடிக்க வைக்கிறது. என் சி.ஆர்.பி. உயர்ந்ததற்குப் பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கலாம். இதில் எதனால் எது வந்தது, முதலில் வந்தது வைட்டமின் குறைவா, அழற்சியா, பருமனா என்று அம்மா கேட்டபோது, "அதை இன்னும் யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியலம்மா. மூணும் ஒரே பிள்ளைகிட்ட சேந்து இருக்கிறதப் பாக்கிறோம்" என்றார். தெரியாது என்று ஒரு மருத்துவர் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை. அதனாலேயே அவர் சொன்ன மற்றதை நம்பினேன்.

பிறகு என் தலைமுடியை விலக்கிக் கழுத்தைப் பார்த்தார். தேய்த்த தழும்புகள் இருந்தன.

"இது என்ன காயம்?"

நான்தான் சொன்னேன். "அழுக்குப் போகத் தேய்ச்சது டாக்டர்."

"இது அழுக்கு இல்லம்மா. இன்சுலின் (இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் சுரப்பு) ஒழுங்கா வேலை செய்யாதப்ப தோல் இப்படிக் கறுக்கும். எந்த சோப்புக்கும் போகாது. இனிமே தேய்க்காதீங்க."

அவர்கள் போன பிறகு அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நடைபாதைக்குப் போனாள். வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள். வந்ததும் என் கழுத்தில் கையை வைத்தாள். தேய்க்கும்போது தவிர அவள் அங்கே தொட்டதே இல்லை. அப்படியே வைத்திருந்தாள்.

எலும்புக்குக் கம்பி வைக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஆறு வாரம் இடது கால் தரையில் ஊன்றக்கூடாது. வாரம் ஒருமுறை பாலில் கலந்து குடிக்க ஒரு வைட்டமின் டி தூள் பொட்டலம். தினமும் சுண்ணாம்புச் சத்து மாத்திரை. பால், முட்டை, மீன் எல்லாம் திரும்ப வந்தன. பகல் பதினொரு மணி வாக்கில் கையிலும் காலிலும் வெயில் பட வேண்டும்.

மாடி ஏற முடியாததால் தெருவிலேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தாள் அம்மா. பக்கத்தில் ஒரு ஸ்டூலில் அவளும். முதல் நாள் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் குடையைக் காணோம்.

எதிர்வீட்டுக்காரர் கேட்டார். "என்னக்கா, பிள்ளைய வெயில்ல காயப் போட்டிருக்க? கருத்துறப் போகுது."

"கருக்கட்டும்" என்றாள் அம்மா.

எட்டு வாரம் கழித்து மறுபடி இரத்தம் எடுத்தார்கள். எலும்பு கூடத் தொடங்கியிருந்தது. ஆனால் வைட்டமின் அளவு எதிர்பார்த்த மாதிரி ஏறவில்லை. பதினொன்றில் நின்றது. மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வாரா வாரம் குடிச்சியா?"

"குடிச்சேன் டாக்டர்."

"ஒண்ணு ரெண்டு வாரம் விட்டுப்போயிருந்தாலும் சொல்லிரு. திட்ட மாட்டேன்."

இவரும் நம்பவில்லை. மைல்கல்லில் உட்கார்ந்து அழுத அன்று போலவே உடம்பு குன்றிப்போனது.

அம்மா எழுந்து நின்றாள். மருத்துவர்கள் முன்னால் சத்தமாகப் பேசுகிறவள் இல்லை அவள்.

"குடிச்சா டாக்டர். ஒரு வாரம் விடல. நான் பக்கத்துல நின்னு குடிக்க வச்சேன். எம்பிள்ளை பொய் சொல்ல மாட்டா. வலிக்குதுன்னு சொன்னப்பயும் அவ பொய் சொல்லல. நாங்கதான் நம்பல."

மருத்துவர் பழைய மருந்துச் சீட்டை எடுத்து, நான் குடித்த அளவையும் என் எடையையும் எழுதிப் பார்த்தார். பேனாவை வைத்தார்.

"மன்னிச்சிரும்மா. எல்லாருக்கும் குடுக்கிற அளவையே உனக்கும் குடுத்துட்டேன். உன் உடம்புக்கு அது பத்தாது. ரெண்டு மடங்காவது வேணும். தப்பு என்னுது, உன்னுது இல்ல."

அளவைக் கூட்டினார். மூன்று மாதத்தில் என் வைட்டமின் முப்பதை எட்டியது. ஆனால் எனக்கு அந்த எண்ணைவிட, ஒரு மருத்துவர் பதினாறு வயதுப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டதுதான் இன்னும் மனதில் இருக்கிறது.

நான் வாக்கரைப் பிடித்து நடக்கப் பழகிய நாட்களில் ஒரு சாயங்காலம், வாசலில் அப்பா எனக்குப் பின்னால் வந்தார்.

"நடக்கச் சொன்னப்பல்லாம் வலிக்குதுன்னு சொன்னேல்ல?"

"ஆமாப்பா."

"நான் காதுலயே வாங்கலைல்ல?"

"இல்லப்பா."

பரவாயில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது பரவாயில்லை என்று விட்டுவிடும் விஷயம் இல்லை. அதற்காக அவரை நான் வெறுக்கவும் இல்லை. அன்று அவர் என் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு தெருமுனை வரை வந்தார்.

வலி ஒரே நாளில் போகவில்லை. முதலில் நெஞ்சு எலும்பு. பிறகு விலா. கடைசியில் கால்கள். சாய்ந்து நடப்பது நிற்க ஒரு வருடம் பிடித்தது. பதினோராம் வகுப்பில் பாதி வருடத்துக்கு மேல் வீட்டிலிருந்து படித்தேன். ஜெயந்தி தினமும் நோட்டுக் கொண்டு வருவாள். வாத்து என்று அவளும் சேர்ந்து கூப்பிட்டதற்காக ஒருநாள் அழுதாள்.

அம்மாவுக்கும் பல வருடமாக முதுகு வலி. மாவு ஆட்டுவதால் என்று நினைத்திருந்தாள். அவளுக்கும் பரிசோதித்தார்கள். குறைவுதான்.

நான் மெலிந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை. வலி போன பிறகு நடக்க முடிந்தது, நடந்ததால் கொஞ்சம் குறைந்தது. இப்போது எழுபத்தாறுக்கும் எண்பதுக்கும் நடுவில் இருக்கிறேன். கழுத்துக் கறுப்பு வெளிறியிருக்கிறது, போகவில்லை. சர்க்கரை வராமல் பார்த்துக்கொள்கிறேன். சி.ஆர்.பி. குறைந்தது. ஆனால் முழுவதும் இறங்கியதே இல்லை.

உங்கள் பிள்ளைக்கு இருப்பதும் இதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். கால் வலி எல்லாம் வைட்டமின் குறைவும் இல்லை. கடையில் தூளை வாங்கி நீங்களாகவே கொடுத்துவிடாதீர்கள். அளவு மிஞ்சினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பரிசோதித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எடையைப் பார்த்துவிட்டுக் காலைத் தொடாமல் அனுப்பும் மருத்துவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பருமனாக இருக்கும் பிள்ளைக்கும் எடையைத் தவிர வேறு நோய் வரும்.

இப்போது திருமங்கலத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். திருமணமாகிவிட்டது. என் உடம்பு முன்பு எனக்கு ஒரு எண்ணாக இருந்தது. குறைய வேண்டிய எண். அதற்குள் ஏதாவது நடந்தால் அதுவும் அந்த எண்ணின் குற்றம். இப்போது அப்படி இல்லை. அதற்குள் மெதுவாக, நாட்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில் வருடக்கணக்கில் வேலைகள் நடக்கின்றன என்று தெரிகிறது. எலும்பு இளகியதும் எனக்குத் தெரியாமல்தான். கூடியதும் எனக்குத் தெரியாமல்தான். அவசரப்படுத்த முடியாத ஒன்றோடு சேர்ந்து வாழ்கிறேன்.

காலையில் கண் விழித்ததும் நான் உடனே எழுவதில்லை. கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்திருப்பேன். திருமணமான புதிதில் கணவர் கேட்டார்.

"என்ன யோசிக்கிற?"

"யோசிக்கல. உடம்பு என்ன சொல்லுதுன்னு கேட்டுக்கிட்டிருக்கேன்."

"என்ன சொல்லுது?"

"இன்னைக்கு ஒண்ணும் சொல்லல" என்றேன். எழுந்து அடுப்படிக்குப் போனேன்.